டீசல் என்றொரு மனிதர்



பங்க்கில் டீசல் போடுகிறோம். டீசல் வண்டி என்கிறோம். டீசல் விலை ஏறினால் தக்காளி விலையும் ஏறும் என்று டீக்கடையில் பேசிக்கொள்கிறோம். ஆனால் டீசல் என்பது ஒரு மனிதரின் பெயர் என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அந்த மனிதருக்கு அப்பா அம்மா உண்டு, கடன் உண்டு, தலைவலி உண்டு. நம்மில் பலரைப் போலப் படிப்புக்காக வீட்டில் மல்லுக்கட்டிய கதையும் உண்டு.

நம்ம தெர்மல் இன்ஜினியரிங் புத்தகத்தில் டீசல் சைக்கிள் என்று ஒரு பி-வி படம் வரும். அதற்கு எஃபிஷியன்ஸி டெரிவேஷன் வரும். இது கட்டாயம் கேட்பான் என்று சீனியர்கள் அடித்துச் சொல்வார்கள். நாமும் மனப்பாடம் பண்ணி எழுதிவிட்டு வந்துவிடுவோம். அந்த நான்கு கோடுகளுக்குப் பின்னால் ஒரு மனிதர் தன் வாழ்க்கையையே வைத்தார் என்பது சிலபஸில் இல்லை. அதனால்தான் நம் மலரில் எழுதலாம் என்று நினைத்தேன்.

அவர் வாழ்க்கை முழுவதும் ஒரே ஒரு கேள்விதான். ஊற்றுகிற எண்ணெயில் எவ்வளவு வேலையாகத் திரும்பி வருகிறது? இன்றைக்கு லாரி வாங்குகிறவரும், சின்ன எஸ்.யூ.வி. வாங்குகிறவரும் ஷோரூமில் கேட்கிற மைலேஜ் கேள்வியும் இதேதான்!

பைண்டர் வீட்டுப் பிள்ளை

ருடால்ஃப் டீசல் 1858 மார்ச் 18-ம் தேதி பாரிஸ் நகரில் பிறந்தார். பெற்றோர் ஜெர்மனியிலிருந்து பிழைக்க வந்தவர்கள். அப்பா தியோடர், ஆக்ஸ்பர்க் ஊர்க்காரர். புத்தகம் பைண்டிங் செய்வதும், தோல் சாமான் செய்வதும் தொழில். பட்டறையில் செய்த சாமான்களைத் தள்ளுவண்டியில் வைத்து வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை சின்னப் பையன் ருடால்ஃபுக்கு.

பாரிஸில் ஒரு தொழில்நுட்ப மியூசியம் உண்டு. பையன் நேரம் கிடைத்தால் அங்கே ஓடிப்போய் மெஷின்களைப் பார்த்துப் படம் வரைவான். க்யூன்யோ என்பவர் 1770 வாக்கில் பீரங்கி இழுப்பதற்காகச் செய்த மூன்று சக்கர நீராவி வண்டி அங்கேதான் இருக்கிறது. உலகத்தின் முதல் லாரி என்றே அதைச் சொல்லலாம்.

1870-ல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. ஜெர்மன்காரர்கள் பாரிஸை விட்டு வெளியேற வேண்டிய நிலை. குடும்பம் லண்டனுக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே பிழைப்பு கஷ்டம். 12 வயதுப் பையனை மட்டும் ஆக்ஸ்பர்க்கில் இருந்த உறவினர் பார்னிக்கல் வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர் அந்த ஊர்த் தொழிற்பள்ளியில் கணக்கு வாத்தியார். பையனுக்கு அது நல்ல நேரமாக அமைந்தது. 14 வயதிலேயே தான் இன்ஜினியர் ஆகப் போவதாக வீட்டுக்குக் கடிதம் எழுதிவிட்டார். 1873-ல் பள்ளியில் முதல் மாணவராகத் தேறினார்.

1875-ல் மியூனிக் நகரத்துப் பாலிடெக்னிக்கில் படிக்க ஸ்காலர்ஷிப் கிடைத்தது. ஆமாம் நண்பர்களே, அவர் படித்ததும் பாலிடெக்னிக்தான்! நம்ம ஊர் டிப்ளமோவுக்கும் அதற்கும் வித்தியாசம் உண்டு. அது பெரிய பொறியியல் கல்லூரி. ஆனாலும் அந்தப் பெயரைப் படித்தபோது எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது உண்மை. பெற்றோருக்கு அதில் இஷ்டமில்லை. பையன் வேலைக்குப் போய்ச் சம்பாதித்தால் குடும்பம் நிமிரும் என்று நினைத்தார்கள். ஸ்காலர்ஷிப் பணத்தை நம்பி, பெற்றோர் பேச்சை மீறி அவர் போய்ச் சேர்ந்தார்.

எங்கள் வீட்டில் பத்தாவதுக்கு மேல் படித்தது நான்தான் முதல் ஆள். ரிசல்ட் வந்த வாரம், இனி கிளீனராக வண்டி ஏறட்டும், நாலு வருஷத்தில் லைசென்ஸ் எடுத்துவிடலாம் என்றுதான் சொந்தக்காரர்கள் எல்லோரும் சொன்னார்கள். அவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஒரு ஆள் சம்பாத்தியத்தில் ஐந்து பேர் சாப்பிடுகிற வீட்டில் படிப்பு என்பது மூன்று வருஷச் செலவு. 1875-ல் டீசலின் அப்பா நினைத்ததும் இதுவாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றியது.

வகுப்பில் கேட்ட ஒரு சதவீதம்

மியூனிக்கில் அவருக்குப் பேராசிரியர் கார்ல் வான் லிண்டே. இன்றைக்கு நம் வீட்டு ஃப்ரிட்ஜுக்கு வழிபோட்ட மேதைகளில் ஒருவர். 1878-ல் ஒரு நாள் லிண்டே வகுப்பில் நீராவி என்ஜினைப் பற்றிச் சொன்னார். எரிக்கிற எரிபொருளின் வெப்பத்தில் 6 முதல் 10 சதவீதம்தான் வேலையாக மாறுகிறது என்று விளக்கினார். மிச்சம் 90 சதவீதம்? புகையோடும் நீராவியோடும் போயே போச்சு!

வகுப்பில் இருந்த மற்றவர்கள் அதை நோட்டில் எழுதிக்கொண்டார்கள். டீசலும் எழுதினார். ஆனால் அந்த நஷ்டத்தை மீட்க முடியாதா என்ற யோசனையையும் சேர்த்து ஓரத்தில் குறித்துக்கொண்டார். அந்த ஓரக் குறிப்புதான் பின்னால் என்ஜின் ஆனது.

1879-ல் பரீட்சை நேரத்தில் டைஃபாய்டு. மற்றவர்களோடு சேர்ந்து பட்டம் வாங்க முடியவில்லை. இடைப்பட்ட காலத்தில் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரில் சுல்சர் கம்பெனியில் ஒர்க் ஷாப் வேலை கற்றார். 1880 ஜனவரியில் தனியாகப் பரீட்சை எழுதி மிகச் சிறந்த மதிப்பெண்ணோடு தேறினார். பிறகு லிண்டேயின் ஐஸ் கம்பெனியில் பாரிஸில் வேலை. 1883-ல் மார்த்தா ஃப்ளாஷே என்ற பெண்மணியைத் திருமணம் செய்துகொண்டார். மூன்று குழந்தைகள். 1890-ல் பெர்லினுக்கு மாறினார். பகலில் கம்பெனி வேலை, மற்ற நேரமெல்லாம் அந்த 90 சதவீதத்தின் நினைப்பு.

அவர் கண்டுபிடித்த வழியை நாம் எல்லோரும் தொட்டுப் பார்த்திருக்கிறோம். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்ப்பின் அடிப்பாகம் சுடும் அல்லவா? காற்றை அழுத்தினால் சூடாகும். இன்னும் பலமாக அழுத்தினால், உள்ளே எண்ணெயைத் தெளித்த உடனேயே அது தானாகப் பற்றிக்கொள்ளும் அளவுக்குச் சூடாகும். தீப்பொறி வேண்டாம், ஸ்பார்க் பிளக் வேண்டாம். அழுத்தம் கூடக்கூட, அதே எண்ணெயில் கிடைக்கிற வேலையும் கூடும்.

1892 பிப்ரவரியில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1893-ல் கிடைத்தது. எண் 67207. அதே வருஷம் தன் கொள்கையை ஒரு சிறு புத்தகமாகவும் போட்டார். 70 சதவீதத்துக்கு மேலான எஃபிஷியன்ஸி கூடக் கணக்குப்படி சாத்தியம் என்றார். காகிதத்தில் எல்லாம் சரியாக இருந்தது!

அவர் ஆசை பெரிய முதலாளிகளுக்கு என்ஜின் செய்வதும் அல்ல. நீராவி என்ஜின் பெரிய ஆலைக்குத்தான் கட்டுப்படியாகும். அதனால் அப்பாவைப் போன்ற சின்னப் பட்டறைக்காரர்கள் நசுங்கிப் போனார்கள். அவர்களுக்குக் கைக்கு அடக்கமாக, எண்ணெய் குறைவாகக் குடிக்கிற ஒரு என்ஜின் வேண்டும் என்பதே அவர் எண்ணம்.

நான்கு வருஷப் போராட்டம்

ஆக்ஸ்பர்க் மெஷின் ஃபேக்டரியின் தலைவர் ஹைன்ரிக் புட்ஸ் இடமும் ஆளும் கொடுக்க ஒப்புக்கொண்டார். குரூப் கம்பெனி பணம் கொடுத்தது. 1893 ஆகஸ்ட் 10 அன்று முதல் சோதனை. உள்ளே வெடித்த வேகத்தில் அழுத்தம் அளக்கும் கருவி சிதறிப் போனது. என்ஜின் தானாக ஓடவில்லை. ஆனால் அழுத்திய காற்றில் எண்ணெய் தானாகப் பற்றும் என்பது மட்டும் நிரூபணம் ஆனது.

1894 பிப்ரவரி 17 அன்று மாற்றி அமைத்த என்ஜின் சுமார் ஒரு நிமிஷம் தானாக ஓடியது. மொத்தம் 88 சுற்று. ஆறு மாத உழைப்புக்கு ஒரு நிமிஷம்! நாமாக இருந்தால் ரெக்கார்டு நோட்டை மூடிவிட்டுக் கேன்டீனுக்குப் போயிருப்போம்.

புத்தகத்தில் போட்ட கணக்கில் பாதியை அவரே கைவிட வேண்டி வந்தது. அவர் முதலில் நினைத்த அழுத்தம் 250 அட்மாஸ்ஃபியர். எந்த இரும்பும் அன்றைக்கு அதைத் தாங்காது. படிப்படியாக இறங்கி வந்து, செய்ய முடிகிற ஓர் அழுத்தத்தில் நின்றார். வெப்பநிலை மாறாமல் எரிய வேண்டும் என்ற முதல் கொள்கையையும் விட்டார். நாம் பரீட்சையில் வரைகிற அந்த நேர்கோடு, அதாவது அழுத்தம் மாறாமல் எரிவது, பட்டறை அவருக்குக் கற்றுக்கொடுத்தது.

1897 பிப்ரவரி 17. என் கருத்தில் இந்த வரலாற்றின் மிக முக்கியமான நாள் இதுதான். சோதனை செய்தவர் டீசல் அல்ல, கம்பெனியும் அல்ல. மியூனிக் பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்ரோட்டர் வெளியாளாக வந்து அளந்தார். ஒரே சிலிண்டர், போர் 250 மி.மீ., ஸ்ட்ரோக் 400 மி.மீ. நிமிஷத்துக்கு 154 சுற்றில் 13.1 கிலோவாட். ஒரு கிலோவாட் மணிக்கு 324 கிராம் எண்ணெய். எஃபிஷியன்ஸி 26.2 சதவீதம்.

அவர் எழுதிய 70 எங்கே, வந்த 26 எங்கே என்று கேட்கலாம். ஆனால் லிண்டே சொன்ன 6 முதல் 10-ஐ நினைத்துப் பாருங்கள். உலகத்தில் அன்றைக்கு அவ்வளவு குறைவான எரிபொருளில் ஓடிய என்ஜின் வேறு கிடையாது. அதே வருஷம் அமெரிக்காவின் பீர் வியாபாரி அடால்ஃபஸ் புஷ் அந்நாட்டு உரிமையைப் பத்து லட்சம் மார்க் கொடுத்து வாங்கினார். தள்ளுவண்டிப் பையன் கோடீஸ்வரர் ஆனார்.

லேப் வேறு, தொழிற்சாலை வேறு

இனிமேல்தான் பாடம் இருக்கிறது.

1898-ல் ஒரு என்ஜின் கெம்ப்டன் ஊர்த் தொழிற்சாலைக்குப் போனது. இரண்டு சிலிண்டர், 60 குதிரைத்திறன். வாங்கியது யார் தெரியுமா? ஒரு தீப்பெட்டிக் கம்பெனி! தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்கிற என்ஜினைத் தீக்குச்சி செய்கிறவர்களே வாங்கினார்கள்.

ஆனால் பேராசிரியர் அளந்தபோது பக்கத்தில் கைதேர்ந்த மெக்கானிக்குகள் நின்றார்கள். வாங்கிய இடத்தில் அப்படி யாரும் இல்லை. எண்ணெய் தெளிக்கிற பகுதியும் காற்று கம்ப்ரஸரும் அடிக்கடி மக்கர் செய்தன. ஆக்ஸ்பர்க்கில் 1898-ல் டீசல் என்ஜினுக்கென்றே தொடங்கிய தனிக் கம்பெனி நிலைக்கவில்லை. எதிரிகள் இவர் கண்டுபிடிப்பே செல்லாது என்று வழக்காடினார்கள். டீசலுக்கு நரம்புத் தளர்ச்சியும் ஓயாத தலைவலியும் வந்தன. என்ஜினை நம்பகமான பொருளாக்கியதில் இமானுவேல் லாஸ்டர் போன்ற ஃபேக்டரி இன்ஜினியர்களின் பொறுமையான உழைப்பு பெரியது. அவர்கள் பெயரில் எந்த எண்ணெயும் இல்லை!

என்ஜின் மெல்ல மெல்லக் காலூன்றியது. 1900-ல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் நிலக்கடலை எண்ணெயில் ஒரு டீசல் என்ஜின் ஓடியது. 1912-ல் டென்மார்க்கின் செலாண்டியா கப்பல் டீசலில் கடல் தாண்டியது. ஆனால் சின்னப் பட்டறைக்காக நினைத்த என்ஜின் மிகவும் கனமாகிவிட்டது. மின் நிலையத்துக்கும் கப்பலுக்கும்தான் பொருந்தியது. தொழிலாளர்களே சிறுகச் சேமித்து ஆலைகளை நடத்தலாம் என்று 1903-ல் ஒரு புத்தகம் எழுதினார். அதை வாங்க ஆள் இல்லை.

பணமும் கரைந்தது. நிலத்திலும் எண்ணெய்க் கிணற்றிலும் போட்டது திரும்பவில்லை. எண்ணெயின் ஒவ்வொரு கிராமுக்கும் கணக்குப் பார்த்தவர் தன் சொந்தக் கணக்கில் கோட்டை விட்டார்.

கடைசிப் பயணம்

1913 செப்டம்பர் 29. பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப்பிலிருந்து இங்கிலாந்தின் ஹாரிச் துறைமுகத்துக்கு டிரெஸ்டன் என்ற கப்பலில் ஏறினார். இரவு சாப்பிட்டுவிட்டு, பத்து மணி வாக்கில் அறைக்குப் போனார். காலை 6.15-க்கு எழுப்பச் சொல்லியிருந்தார். காலையில் அறையில் ஆள் இல்லை. படுக்கை கலையவில்லை. கைக்கடிகாரத்தை... இல்லை, அந்தக் காலத்துப் பாக்கெட் கடிகாரத்தைக் கட்டிலிலிருந்து தெரிகிற மாதிரி வைத்திருந்தார். தொப்பியும் கோட்டும் மேல்தளத்துக் கம்பியருகே மடித்து வைத்தபடி கிடந்தன.

பத்து நாள் கழித்து ஒரு டச்சுப் படகுக்காரர்கள் கடலில் ஒரு உடலைப் பார்த்தார்கள். சட்டைப் பையில் இருந்த கண்ணாடிக் கூடு, பேனாக்கத்தி போன்றவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு உடலைக் கடலிலேயே விட்டார்கள். அந்தச் சாமான்களை அடையாளம் காட்டியவர் மகன் ஆய்கன். டீசலுக்கு வயது 55. அது எப்படி நேர்ந்தது என்பது இன்றுவரை உறுதியாகவில்லை. வீட்டில் சொத்தைவிடக் கடன்தான் அதிகம் இருந்தது.

தன் என்ஜின் லாரிகளில் ஊர் ஊராக ஓடுவதை அவர் பார்க்கவில்லை. எண்ணெயைத் தெளிக்கத் தேவைப்பட்ட கம்ப்ரஸரே வண்டிக்குப் பெரிய பாரம். அது இல்லாமல் செய்ய வழி காட்டியவர்களில் முக்கியமானவர் ப்ராஸ்பர் லோராஞ்ச், 1909-ல். 1923-ல் பென்ஸ் கம்பெனியும் 1924-ல் எம்.ஏ.என். கம்பெனியும் டீசல் லாரியைக் கொண்டுவந்தன. அந்த எம்.ஏ.என். வேறு யாருமல்ல, டீசலுக்கு இடம் கொடுத்த அதே ஆக்ஸ்பர்க் ஃபேக்டரியின் வாரிசு. 1927-ல் பாஷ் கம்பெனியின் பம்ப் வரிசையாகத் தயாராகத் தொடங்கிய பின் டீசல் லாரி உலகம் முழுக்கப் பரவியது.

மைலேஜ் என்கிற கணக்கு

இப்போது நம் கதைக்கு வருவோம். ஒரு லிட்டர் டீசலில் சுமார் 36 மெகாஜூல் சக்தி இருக்கிறது. லோடோடு 25 டன் எடையுள்ள லாரி, சமதரை ரோட்டில் 80 கி.மீ. வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நம்ம ஃபார்முலாவைப் போட்டுப் பார்த்தேன். டயர் உராய்வு சுமார் 1,700 நியூட்டன், காற்றுத் தடை சுமார் 1,650 நியூட்டன். ஒரு கிலோமீட்டருக்கு 3.35 மெகாஜூல் வேலை. இன்றைய என்ஜினில், கியர்பாக்ஸ் நஷ்டம் போகச் சக்கரத்துக்கு 38 சதவீதம் வந்தால் லிட்டருக்கு 4 கி.மீ. 1897-ன் 26.2 சதவீதம் என்றால் 2.8 கி.மீ. லிண்டே சொன்ன நீராவிக் கணக்கில் 1 கி.மீ. தான்!

இனி வேகத்தை 60 ஆக்குவோம். காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்தில் போவதால் 930 நியூட்டனாகக் குறையும். மைலேஜ் 5-ஐத் தாண்டும். என்ஜினில் ஒரு போல்ட்டைக்கூடத் தொடவில்லை. டிரைவர் காலை லேசாக எடுத்ததற்கே இந்த லாபம்.

அதே 60-ல் ஒரு முறை பிரேக் போட்டு நின்று, திரும்ப 60-க்கு வர எவ்வளவு? ஏறக்குறைய 3.5 மெகாஜூல், அதாவது கால் லிட்டர் டீசல். 100 மீட்டர் உயரம் ஏற 1.8 லிட்டர். இவை எதுவும் விற்பனைத் தாளில் போடுவதில்லை.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், என் அப்பா லாரி டிரைவர். அவர் ஓட்டிய ஒரு வண்டியில் முதலாளி லோடுக்கு 4 கி.மீ. என்று ஃபிக்ஸ் பண்ணி வைத்திருந்தார். 1,000 கி.மீ. ட்ரிப்புக்கு 250 லிட்டர். 260 ஆகிவிட்டால் அந்த 10 லிட்டர் காசு பேட்டாவில் பிடித்தம். வண்டி வாங்கும்போது அந்த 4 கி.மீ. தாளில் இருந்ததாம். வழியில் எத்தனை இடத்தில் நிற்க வேண்டி வந்தது, எத்தனை மேடு, எதிர்க்காற்று என்று யாரும் கேட்பதில்லை. என் கணக்குப்படி 10 லிட்டர் என்பது 40 தடவை பிரேக் போட்டு நின்றதுதான். 1,000 கிலோமீட்டரில் 40 தடவை நிற்காமல் எந்த டிரைவர் வருவார், சொல்லுங்க? அந்தப் பணத்தில்தான் எங்கள் வீட்டில் நோட்டுப் புத்தகம் வாங்குவார்கள்.

சின்ன எஸ்.யூ.வி. வாங்குகிறவர்களுக்கும் இதே சங்கதிதான். நம் நாட்டு மைலேஜ் சோதனைக்கான எம்.ஐ.டி.சி. அட்டவணையில் அதிகபட்ச வேகம் 90 கி.மீ. சோதனை நடப்பது உருளைகள் மேல். எஸ்.யூ.வி. என்பது உயரமான வண்டி. காற்றை மோதுகிற முகம் பெரிது. 60-ல் இருக்கிற காற்றுத் தடை 100-ல் கிட்டத்தட்ட மூன்று மடங்காகிவிடும். பைபாஸில் பறந்துவிட்டு, கம்பெனிக்காரன் சொன்ன மைலேஜ் வரலையே என்று புலம்பினால் எப்படி வரும்? ஐரோப்பாவில் கார்களின் அறிவித்த கணக்குக்கும் ரோட்டுக் கணக்குக்கும் உள்ள இடைவெளியை ஐ.சி.சி.டி. என்ற ஆய்வு நிறுவனம் பார்த்தது. 2001-ல் 9 சதவீதமாக இருந்த இடைவெளி 2015-ல் 42 சதவீதம் ஆகியிருந்தது. அதன் பிறகு 2017-ல் அங்கே டபிள்யூ.எல்.டி.பி. என்ற புதுச் சோதனை முறை வந்தது.

2015 செப்டம்பரில் இன்னொன்றும் வெளிவந்தது. ஃபோக்ஸ்வேகன் கம்பெனி உலகம் முழுக்கச் சுமார் 1.1 கோடி டீசல் கார்களில் ஒரு சாஃப்ட்வேர் வைத்திருந்தது. சோதனை நடக்கிறது என்று தெரிந்தால் வண்டி புகையை அடக்கும், ரோட்டுக்கு வந்தால் விட்டுவிடும். இதற்குத் துப்புக் கொடுத்தது அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் ஒரு சிறிய குழு. காருக்குள்ளேயே அளக்கும் கருவியை வைத்து நிஜ ரோட்டில் ஓட்டிப் பார்த்தார்கள், அவ்வளவுதான். டீசலின் பெயரைத் தாங்கிய வண்டிகளில் இது நடந்தது என்பதுதான் எனக்கு வருத்தம். ஷ்ரோட்டரை வெளியாளாக அழைத்து அளக்க வைத்த மனிதர் அவர்.

நல்ல பக்கமும் உண்டு. 2015-ல் அமெரிக்காவில் டெய்ம்லர் கம்பெனியின் சூப்பர் டிரக் என்ற சோதனை லாரி சுமார் 29 டன் எடையோடு நிஜ நெடுஞ்சாலையில் லிட்டருக்கு 5 கி.மீ.க்கு மேல் கொடுத்தது. என்ஜின் எஃபிஷியன்ஸி 50 சதவீதம். காற்றுத் தடையைப் பாதிக்கு மேல் குறைத்திருந்தார்கள். 26.2-லிருந்து 50-க்கு வர ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது!

நண்பர்களே, இன்னும் கொஞ்ச நாளில் நாமெல்லாம் வேலைக்குப் போவோம். சிலர் டெஸ்டிங் செக்‌ஷனில் நிற்போம். சிலர் சர்வீஸ் ஸ்டேஷனில், சிலர் டிப்போவில். மைலேஜ் தாளில் கையெழுத்துப் போடுகிறவர்கள் நம்மில் இருப்பார்கள். லேபில் ஹீட் பேலன்ஸ் ஷீட் போடும்போது கடைசி வரியாக, கணக்கில் வராத இழப்பு என்று ஒன்று எழுதுவோமே, ஞாபகம் இருக்கிறதா? வெளியே உண்மையான ரோட்டில் அந்த வரி யாரோ ஒரு டிரைவரின் பேட்டாவில் போய் விழுகிறது.

ஆகவே ஒரு எண்ணை எழுதும்போது என்ன லோடு, என்ன வேகம், எந்த ரோடு, அளந்தது யார் என்று நாலு வரி சேர்த்து எழுதுவோம். 26.2 என்று வந்ததை 26.2 என்றே ஊருக்குச் சொன்ன ருடால்ஃப் டீசலுக்கு நாம் செய்கிற மரியாதை அதுதான்.



— இரண்டாம் ஆண்டு, டிப்ளமோ இயந்திரவியல்